இரண்டாவது கொம்பு

எனக்குப் படம் வரைய வராது. நான் வரைந்த மாம்பழத்தைப் பார்த்து, "மிளகாய் நல்லா வந்திருக்கு" என்று சொல்லி மார்க் போட்டவர் எங்கள் டிராயிங் மாஸ்டர். அப்படிப்பட்டவள் வரைந்த ஒரு படத்துக்கு எண் கொடுத்து, முத்திரை குத்தி, வழக்குக் கட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்திக்கொண்டது ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட். முழுப் படமும் என்னுடையது என்று பீற்றிக்கொள்ள முடியாது. ஒரே ஒரு கொம்புதான் நான் போட்டது. அந்தக் கொம்பு இரண்டு நாள் என்னைச் சோறு இறங்கவிடாமல் குத்திக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். நான் ஆறாம் வகுப்பு. அப்பா பஞ்சாலையில் ஃபிட்டர். அம்மா, தம்பியைப் பெற்றுக்கொண்டு வருவதற்காக வத்திராயிருப்பில் தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அப்பா சோறு வடிப்பார், நான் அப்பளம் சுடுவேன். எனக்கு இரட்டைச் சடை பின்னிவிடுவதும் அப்பாவின் வேலையாகிப் போனது. மெஷினுக்குப் பெல்ட் மாட்டுகிற மாதிரி இழுத்துப் பின்னுவார். ஒரு சடை காதுக்கு மேலேயும் இன்னொன்று பிடரியிலும் தொங்கும்.

அடுத்த தெருவில் அத்தை இருந்தாள், அப்பாவின் அக்கா. எனக்கு முடி முளைத்த நாளிலிருந்து சடை போட்டுவிட்டவள் அவள்தான். ஆனால் மூன்று வருடமாக அப்பாவுக்கும் அத்தைக்கும் கோர்ட்டில் வழக்கு. புதுப்பட்டிப் பக்கம் தாத்தா உண்டாக்கிய ஒரு மாந்தோப்பு. தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். தோப்பு மகனுக்குத்தான் என்று அவர் எழுதி வைத்த உயில் அப்பாவிடம் இருந்தது. அப்படி ஓர் உயிலைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றாள் அத்தை. மாமா இறந்த பிறகு அத்தையும் ஒரு மில்லில் ரீலிங் பிரிவுக்கு வேலைக்குப் போய், எட்டு மணி நேரம் நின்று நின்று கால் வீங்கிப் போயிருந்தாள். தோப்பில் பாதி தன் பங்கு என்று கேஸ் போட்டாள். அன்றிலிருந்து அத்தையோடு பேசக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். தெருவில் எதிரே வந்தால் அத்தை என் தலையைப் பார்ப்பாள். சடையின் கோலத்தைப் பார்த்து அவள் உதடு துடிப்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள்.

அந்த வருடம்தான் எங்கள் வரலாற்று டீச்சர் சித்திர எழுத்து பாடம் நடத்தினார். எழுத்து என்ற ஒன்று வருவதற்கு முன்னால் மனிதர்கள் படம் போட்டுத்தான் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள் என்றார். எகிப்துக்காரர்கள் தண்ணீருக்கு வளைவு வளைவாகக் கோடு போட்டார்களாம். கண் வரைந்தார்கள், பறவை வரைந்தார்கள், கோயில் சுவரெல்லாம் வரைந்தார்கள். சிந்து சமவெளி முத்திரை ஒன்றும் புத்தகத்தில் இருந்தது. அச்சில் மை அப்பிய ஒரு மாடு, அதன் தலைக்கு மேல் சில குறிகள். மாட்டுக்கு ஒரே ஒரு கொம்பு. ஒற்றைக் கொம்பு மாடு உலகத்தில் உண்டா டீச்சர் என்று ஒருத்தி கேட்டாள். பக்கவாட்டில் பார்த்து வரைந்ததால் இன்னொரு கொம்பு மறைந்திருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள், சரியாக யாருக்கும் தெரியாது, மேலே இருக்கிற குறிகளை இன்றுவரை ஒருவராலும் படிக்க முடியவில்லை என்றார் டீச்சர். முன்பாதி மட்டும் என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. யாருக்கும் தெரியாது என்ற பின்பாதியை நான் வாங்கிக்கொள்ளவே இல்லை.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, சித்திர எழுத்தில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தேன். ஸ்பானர் என்றால் அப்பா. சீப்பு என்றால் அத்தை. இரட்டைச் சடை என்றால் நான். மிளகாய் என்றால் கோபம், அதை வரைவதில் எனக்கு அனுபவம் இருந்தது. திறந்த கண் போட்டால் தெரியும் என்று அர்த்தம், மூடிய கண் போட்டால் தெரியாது. சர்க்கரை டப்பாவில் நான் கை வைத்ததை, ஸ்பானரும் மூடிய கண்ணும் போட்டு எழுதி வைத்திருந்தேன். சாதாரண எழுத்தில் எழுதினால் யாராவது படித்துவிடுவார்கள். இதை என்னைத் தவிர ஒருவராலும் படிக்க முடியாது என்பதில் எனக்கு அசாத்தியமான கர்வம்.

வழக்கு திங்கட்கிழமை விசாரணைக்கு வந்தது. அத்தையைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கும் நாள். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை சாயங்காலம் வக்கீலின் குமாஸ்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து உயிலை எடுத்தார். அதுவரை அந்தக் காகிதத்தை நான் பார்த்ததில்லை. எட்டாக மடித்த, பழுப்பேறிய தாள். விரித்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அடியில் மூன்று சித்திர எழுத்துகள் இருந்தன.

தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இடது பெருவிரலைப் பஞ்சு அரைக்கும் மெஷினுக்குக் கொடுத்துவிட்டதால் ரேகை வைக்கவும் வழியில்லை. அதனால் தன் குறியாக ஒரு மாட்டுத் தலையைக் கீறிக் கொடுத்திருக்கிறார். சாட்சி போட்ட இரண்டு பேரும் அவரைப் போலத்தான். தச்சர், மரம் செதுக்கும் வாச்சியைக் கீறியிருந்தார். ஆடு மேய்ப்பவர், தழை ஒடிக்கும் தொரட்டியைக் கீறியிருந்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும், இது இன்னாருடைய கீறல் என்று உயிலை எழுதியவர் குறித்திருந்தார். எகிப்துக்கெல்லாம் போக வேண்டியதில்லை, எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே இருக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

குமாஸ்தா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணாச்சி, சாட்சி போட்டவுகளும் இல்ல, எழுதுனவரும் இல்ல. இந்தக் குறி ஒண்ணுதான் நமக்கு ஆதாரம். அதுவும் மடிப்புல வந்து மங்கிப் போயிருக்கு. இது எங்கய்யா குறி இல்லன்னு ஒங்க அக்கா ஒரு வார்த்த சொல்லிட்டாகன்னா என்ன செய்வீக?"

"அவளுக்குத் தெரியாமலா? எங்கய்யா குறி அவளுக்கு நல்லாத் தெரியும்."

"தெரியும். தெரியும்னு சொல்லணும்லா?"

அப்பா தாளை மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் மஞ்சள் பையில் வைத்து ஆணியில் மாட்டினார். அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கேஸ் தோற்றால் பாதித் தோப்பு போகும், பாதி போனால் பிறக்கப் போகிற பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சுவரிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை அப்பா முதல் ஷிப்ட். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மஞ்சள் பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறினேன்.

தரையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். மாட்டின் முகம் இருந்தது. இடப்பக்கம் அழகாக வளைந்த ஒரு கொம்பு இருந்தது. வலப்பக்கம் கொம்பு இல்லை. அந்த இடத்தில்தான் மடிப்பு ஓடியது. கொம்பு இருந்து, மடிப்பில் அழிந்து போயிருக்கிறது. டீச்சர்தான் சொல்லியிருக்கிறாரே, ஒற்றைக் கொம்பு மாடு என்று ஒன்று கிடையாது. அத்தை இதைப் பார்த்துவிட்டு எங்கய்யா போட்டது ரெண்டு கொம்பு மாடு என்று சொல்லிவிட்டால் அப்பாவின் கதி என்ன? ஊரில் சித்திர எழுத்து தெரிந்த ஒரே ஆள் நான். சும்மா இருக்க முடியுமா?

வேலையை நான் ஏனோதானோவென்று செய்யவில்லை. பேனா மை நீலம், தாத்தாவின் மை கறுத்த பழுப்பு. காலையில் போட்ட கடுங்காப்பியின் வண்டலில் நாலு சொட்டு மையை விட்டுக் குழைத்தேன். நோட்டில் போட்டுப் பார்த்து, காயவிட்டு, மறுபடி குழைத்து, மூன்றாவது தடவை நிறம் அச்சாக வந்தது. பேனா நிப் மெல்லியதாக இருந்ததால் ஓர் ஈர்க்குச்சியை நறுக்கிக்கொண்டேன். சாமி கும்பிட்டுவிட்டு வரைந்தேன். வளைவு நினைத்ததைவிட நீளமாகப் போய்விட்டது. அதை உள்பக்கமாகச் சுருட்டிவிட்டேன். கொஞ்சம் சுருண்டிருந்தால் என்ன, எத்தனையோ மாடுகளுக்குக் கொம்பு சுருண்டுதானே இருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன். காய்ந்ததும் மடித்து, உறையில் போட்டு, பையில் வைத்து, ஸ்டூலைத் துடைத்து வைத்தேன். அன்றைய நாட்குறிப்பில் ஒரு மாட்டுத் தலையும் சிரிக்கிற இரட்டைச் சடையும் போட்டேன்.

அந்தச் சிரிப்பு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிவரை நீடித்தது.

பத்து மணிக்குக் குமாஸ்தா மறுபடி வந்தார். மறுநாள் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சொல்லத்தான் வந்தார். அதோடு போயிருக்கலாம். காப்பி குடித்துக்கொண்டே பழைய கேஸ் ஒன்றைச் சொன்னார். யாரோ ஒருவர் பத்திரத்தில் மங்கிப்போன தன் அப்பா பெயரை, தெளிவாகத் தெரியட்டும் என்று மேலே எழுதிவிட்டாராம். நல்லது நினைத்துத்தான் எழுதினார். கோர்ட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"பத்திரத்துல ஒரு புள்ளி கூடுனாலும் கம்பிதான் எண்ணணும் அண்ணாச்சி. கைல விலங்கு போட்டு, அங்கனயே கூட்டிட்டுப் போயிட்டாக."

நான் அப்பளத்தைக் கருகவிட்டேன்.

குமாஸ்தா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எதற்கும் இன்னொரு தடவை உயிலைப் பார்த்துவிடுவோமே என்றார். என் காதுக்குள் இஞ்சின் ஓடியது. அப்பா ஆணிப் பக்கம் திரும்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, பிரித்துப் பிரித்து மடிப்பு கிழிகிறது, நாளைக்கு வக்கீல் கையால் பிரித்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

குமாஸ்தா போனதும் அப்பா துணி துவைக்கக் கிணற்றடிக்குப் போனார். நான் ஸ்டூலைப் போட்டேன். மை ரப்பரால் கொம்பை மெதுவாகத் தேய்த்துப் பார்த்தேன். கொம்பு போகவில்லை, தாள்தான் மாவு மாதிரி உதிர ஆரம்பித்தது. எச்சில் தொட்டு ஒற்றினேன். மை என் விரலில் வந்து அப்பிக்கொண்டதே தவிர, கொம்பு அப்படியே இருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. இன்னும் தேய்த்தால் ஓட்டை விழும். மடித்து வைத்துவிட்டு, கக்கூஸுக்குள் போய் உட்கார்ந்து அழுதேன்.

சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை, நாளைக்கு மட்டும் நல்லபடியா முடிஞ்சிரட்டும், உனக்குப் பச்சைப் பாவாடை எடுத்துத் தாரேன் என்றார் அப்பா. திறந்த வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது தடவை அவர் சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது தடவை திங்கட்கிழமை காலை, பஸ்ஸில். திரும்பி வர எத்தனை மணியாகுமோ என்று, பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"அப்பா, அந்த மாடு..."

"செத்த சும்மா இருட்டி. அப்பாவே படபடன்னு வாரேன்."

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எங்களில் கனம் அப்பாவின் மடியில் இருந்தது, பயம் முழுக்க என்னிடம் இருந்தது. வழியில் எந்த ஊர் வந்தது, எது போனது என்று தெரியவில்லை. அப்பாவுக்கு விலங்கு மாட்டினால் என்னை யார் வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள், அம்மாவிடம் யார் சொல்வார்கள், பிரசவத்துக்கு இருப்பவளிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். தூரத்தில் கோபுரம் தெரிந்ததும் பஸ்ஸில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன், பளார் பளார் என்று.

கோர்ட் வாசலில் புளியமரம். மரத்தடியில் டைப் அடிக்கிற சத்தம். அங்கங்கே போலீஸ்காரர்கள் நின்றார்கள். அவர்கள் வேறு யார் யாருக்காகவோ வந்தவர்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தொப்பியும் என் அப்பாவைத்தான் பார்க்கிறது என்று நினைத்தேன். அத்தை மரத்துக்கு அந்தப் பக்கம் தன் வக்கீலோடு நின்றாள். மில்லுக்குக் கட்டிப்போகிற அதே சேலை. நான் வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டேன். சோப்புப் போட்டும் விரல் நுனியில் கறை போகவில்லை.

டவாலி போட்டவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குமாஸ்தா வேறு ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அது யார் செய்த புண்ணியமோ தெரியாது. நான் கதவோரம் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். அத்தை கூண்டில் ஏறினாள். எங்கள் வக்கீல் ஏதேதோ கேட்டார். அத்தை நிதானமாகப் பதில் சொன்னாள். உயில் என்று ஒன்று கிடையாது, எங்கய்யா என்னிடம் சொல்லாமல் எழுதியிருக்க மாட்டார், அப்படி ஒன்று இருந்தால் காட்டுங்கள் என்றாள். காட்டுகிறேன் என்று வக்கீல் அப்பாவிடமிருந்து உறையை வாங்கி, தாளை மேஜையில் விரித்தார்.

மங்கல் மங்கல் என்றார்களே, தெளிவாகத்தானே இருக்கிறது என்று முணுமுணுத்தார் வக்கீல்.

அப்பா எட்டிப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளிறிப் போனதை அன்றுதான் பார்த்தேன். தாளைப் பார்த்தார், காலிப் பையைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சேட்டை பண்ணாமல் நிற்கிறேனா என்று பார்க்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தாள் அத்தையின் கைக்குப் போனது. கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், எட்டத்தில் வைத்துப் பார்த்தாள். அடியில் இருந்த மாட்டுத் தலையிடம் வந்ததும் அவள் கண் நின்றுவிட்டது. தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். அப்பா என் பக்கமிருந்து இன்னும் கண்ணை எடுக்கவில்லை. அத்தையும் அந்தப் பக்கம் திரும்பினாள். என் கோணல் சடையிலிருந்து, பாவாடைக்குள் ஒளித்திருந்த கைவரைக்கும் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின.

அத்தை அழுகிறாள் என்று நினைத்தேன். இறந்துபோன தன் அப்பாவின் குறியைப் பார்த்தால் யாருக்குத்தான் அழுகை வராது? எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. ஆனால் அவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்ற பயம் அந்த இரக்கத்தை விழுங்கிவிட்டது. போலீஸ்காரர் ஒருவர் கதவருகே வந்து நின்றார். அவ்வளவுதான், முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சொல்லுங்கம்மா, இது யார் குறி?" என்று மேலே இருந்த நீதிபதி கேட்டார்.

"எங்கய்யா குறிதாங்கய்யா."

அத்தையின் வக்கீல் எழுந்துவிட்டார். நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள், கண்ணாடி வேண்டுமா என்று பதறினார்.

"நல்லாப் பாத்துட்டேன். எங்கய்யா குறிதான்."

நீதிபதி எழுதிக்கொண்டார். யாரோ தாளை வாங்கி முத்திரை குத்தினார்கள். தாத்தாவின் கொம்பும் என் கொம்பும் சேர்ந்து கட்டுக்குள் போயின. தீர்ப்பு பிறகுதான் வந்தது, ஆனால் அதில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தோப்பு எங்களுக்கு.

வெளியே வந்து அப்பா புளியமரத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஜெயித்தவர் நிற்கிற மாதிரி இல்லை. அத்தை படியிறங்கி வந்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அப்பா வாயைத் திறந்தார்.

"அக்கா..." என்றார்.

"சட பின்னத் தெரியலன்னா ஒத்தச் சட போடுதது. ரெட்டச் சட எதுக்குடா?" என்றாள் அத்தை.

என் கையைப் பிடித்து, வாசலில் வைத்திருந்த தண்ணீர்ப் பானைக்குக் கூட்டிப் போனாள். என் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, தண்ணீர் ஊற்றி, முந்தானையால் தேய்த்தாள். வலிக்கிற அளவுக்குத் தேய்த்தாள். "கைய எப்பவும் சுத்தமா வச்சிக்கணும், என்னட்டி?" என்றாள். சரி அத்தே என்றேன். கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். வீங்கிய காலோடு அவள் எப்போதும் மெதுவாகத்தான் நடப்பாள். அன்றும் அப்படித்தான் போனாள்.

அப்பா கால் கிலோ பால்கோவா வாங்கினார். எனக்குத்தான் என்று நினைத்தேன். ராஜபாளையம் வந்து இறங்கியதும் அத்தை வீட்டு வாசல்வரை போய், அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். உள்ளே போகவில்லை. அதற்கு அடுத்த பருவத்திலிருந்து தோப்பில் எத்தனை கூடை மாங்காய் இறங்கினாலும் சரிபாதி அத்தை வீட்டுக்குப் போனது. கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. இதற்குத்தானா மூன்று வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்கள், பெரியவர்களுக்குப் புத்தியே கிடையாதா என்று எரிச்சலாக இருக்கும். ஆனால் பாதித் தோப்பை அத்தை பேரில் எழுதிக் கொடுக்கிற தைரியம் மட்டும் அப்பாவுக்குக் கடைசிவரை வரவில்லை. அத்தை ரிட்டையர் ஆகும்வரை மில்லில் நின்றுகொண்டேதான் இருந்தாள். அப்பாமேல் எனக்கு இந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

தொண்ணூறுகளில், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒருநாள் அத்தை வீட்டில் வெங்காயம் எடுக்கப் போனேன். வெங்காயத்தை ஒரு பழைய இரும்பு மரக்காலில் போட்டு வைத்திருந்தாள், நெல் அளக்க தாத்தா வைத்திருந்தது. பக்கவாட்டில் உளியால் வெட்டிய ஒரு மாட்டுத் தலை. இடப்பக்கம் ஒரு கொம்பு. வலப்பக்கம் வழவழவென்று வெறும் இரும்பு. மடிப்பில்லை, மங்கவில்லை.

"அத்தே, இன்னொரு கொம்பு எங்க?"

"அதுக்கு எப்பவுமே ஒரு கொம்புதாம்ட்டி" என்றாள் அத்தை, அரிசி களைந்துகொண்டே. தாத்தா முதன்முதலில் வாங்கிய மாடு அது. ஒரு கொம்பு ஒடிந்த மாடு என்பதால் சந்தையில் யாரும் சீந்தவில்லையாம். ஊரே கேலி செய்ததாம். அந்த மாட்டை வைத்துத்தான் கமலை கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துத் தோப்பை உண்டாக்கினார். அதனால் மூட்டை, கூடை, ஏர், எதில் குறி போட்டாலும் ஒற்றைக் கொம்புதான். ரெண்டாவது கொம்பு எங்கய்யா போட்டதே இல்லை என்றாள்.

எடுத்த வெங்காயத்தை மரக்காலிலேயே போட்டேன். அன்றைக்கு அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். இது எங்கய்யா குறி இல்லை, எங்கய்யா மாட்டுக்கு ஒரு கொம்புதான் என்று சொல்லியிருந்தால் பாதித் தோப்பு அவளுக்குக் கிடைத்திருக்கும், அப்பா கம்பி எண்ணியிருப்பார், பையைத் தொட்டது யார் என்று என்னையும் கேட்டிருப்பார்கள்.

"அன்னைக்குக் கூண்டுல நின்னு அழுதீங்களே அத்தே" என்றேன்.

"அழுதனா? போடி. முறுக்கு கணக்கா ஒரு கொம்பு. சிரிப்ப அடக்க முடியாம எம்புட்டுப் பாடுபட்டேன் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்து அவள் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டேன். விடுட்டி, அரிசி கொட்டிரும் என்றாள்.

சித்திர எழுத்து நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பாதிக் குறிகளுக்கு அர்த்தம் எனக்கே மறந்துவிட்டது. ஆனால் அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தை மட்டும் தடங்கல் இல்லாமல் படிக்க முடியும். கோர்ட்டிலிருந்து வந்து, விரல் எரிச்சலோடு, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து சாயங்காலம் எழுதியது. முதலில் ரெண்டு கொம்பு மாடு. அதற்குக் கீழே ஸ்பானர், பக்கத்தில் மூடிய கண். சீப்பு, பக்கத்தில் மூடிய கண். கடைசியாக இரட்டைச் சடை. அதன் பக்கத்தில், அந்தத் தாளிலேயே பெரியதாக, இமை மயிர் ஒன்றுவிடாமல் போட்டு, நன்றாகத் திறந்த ஒரு கண்.